வங்கிக் கணக்கில் தெரியாத உணவகப் பெயரா? பதறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கோல சிலாங்கூர் – சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாள் காலை. கைப்பேசியில் கணக்கைத் திறந்தால் 86 வெள்ளி 40 காசு குறைந்திருக்கிறது. அந்த வரியில் ஏதோ ஓர் உணவக நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் எந்தக் கடையிலும் சாப்பிட்ட நினைவு வீட்டில் யாருக்கும் இல்லை.

கோல சிலாங்கூர் பட்டணத்திலோ, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அப்படியானால், அந்த ஒற்றை வரியில் போனது ஒரு நாள் உழைப்பைவிட அதிகம்.

இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. அட்டை கடைசியாக யார் கையில் இருந்ததோ, அந்தப் பிள்ளையின் மேல் பழி விழுகிறது. இல்லையென்றால், வங்கியில் போய் என்ன கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்ற தயக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம்தான். தெரியாத பெயருக்குப் பெரும்பாலும் எளிய விளக்கம் இருக்கும். விளக்கம் இல்லாதபோது, எவ்வளவு சீக்கிரம் வங்கிக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே பணம் திரும்புவதும் திரும்பாததும் அமையும்.

555 புத்தகத்திலிருந்து கைப்பேசிக்கு

இந்த வட்டாரத்துக்குக் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது இங்கே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டத்து மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பள நாளில் பைசல் செய்வது அந்தக் காலம் தொட்டு வந்த வழக்கம். கடைக்காரர் எழுதி வைக்கும் சின்ன 555 நோட்டுப் புத்தகத்தை இன்றும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதில் புரியாத வரி இருந்தால், "இது என்றைக்கு வாங்கியது? யார் வாங்கியது?" என்று நேருக்கு நேர் கேட்டுவிடலாம்.

வங்கிக் கணக்கறிக்கையும் அப்படியொரு பற்று வரவுப் புத்தகம்தான். எதிரில் கடைக்காரர் இல்லை என்பதே வேறுபாடு. ஆனால் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகளும் அவையேதான்: என்ன பெயர், எந்தத் தேதி, எவ்வளவு தொகை, யார் கையில் அட்டை.

பெயர்ப் பலகை வேறு, பதிவுப் பெயர் வேறு

குழப்பத்துக்கு முதல் காரணம் பெயர். உணவகத்தின் வாசலில் தொங்கும் பலகையில் ஒரு பெயர் இருக்கும். அந்த வியாபாரம் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் வேறு பெயரில் பதிவாகியிருக்கும். அட்டை இயந்திரத்துக்கு விண்ணப்பித்தபோது எந்தப் பெயரைக் கொடுத்தார்களோ, அதுதான் கணக்கறிக்கையில் வரும்.

நாடறிந்த எடுத்துக்காட்டு மெக்டோனல்ட்ஸ். மலேசியாவில் அந்த உணவகங்களை நடத்தும் நிறுவனத்தின் பெயர் கெர்பாங் அலாஃப் ரெஸ்டாரண்ட்ஸ் செண்டிரியான் பெர்ஹாட். கேஎஃப்சி கடைகள் கியூஎஸ்ஆர் குழுமத்தைச் சேர்ந்தவை. இந்தப் பெயர்கள் ரசீதின் தலைப்பிலோ அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும். கோழிப் பொரியல் வாங்கியவருக்குக் கடையின் பெயர்தான் நினைவிருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்காது.

பெரிய நிறுவனங்களில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, கறி மீ கடை, பாசிர் பெனாம்பாங் அல்லது செகிஞ்சான் பக்கத்துக் கடலுணவுக் கடை என எதுவும் 'எண்டர்பிரைஸ்', 'டிரேடிங்', 'ரிசோர்சஸ்' என்று முடியும் பெயரில் பதிவாகியிருக்கலாம். கடை கைமாறிய பிறகும் பழைய உரிமையாளரின் இயந்திரமே ஓடிக்கொண்டிருந்தால், பழைய பெயரே வரும்.

அடுத்தது இட நெருக்கடி. அட்டைப் பரிவர்த்தனைச் செய்தியில் கடையின் பெயருக்குப் பொதுவாக 25 எழுத்துகளும், ஊர்ப் பெயருக்கு 13 எழுத்துகளும், நாட்டுக் குறியீட்டுக்கு 2 எழுத்துகளும்தான் ஒதுக்கப்படுகின்றன. நீளமான பெயர் பாதியில் அறுபடுகிறது. 'ரெஸ்டோரான்' என்ற சொல்லே இடத்தை அடைத்துக்கொள்வதால், கடையின் உண்மையான பெயரில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டுமே மிஞ்சுவதும் உண்டு.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். சாப்பிட்டது தஞ்சோங் காராங்கில் என்றாலும், நிறுவனத்தின் தலைமையகம் கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ இருந்தால் அந்த ஊர் பதிவாகலாம். "நான் அந்தப் பக்கமே போகவில்லையே" என்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்டக் கூடாது.

'உணவகம்' என்ற வகைப்பாடும் அப்படித்தான். ஒவ்வொரு வணிகத்துக்கும் நான்கு இலக்க வகைக் குறியீடு உண்டு. உணவகத்துக்கு 5812, துரித உணவுக்கு 5814, மளிகைக் கடைக்கும் பேரங்காடிக்கும் 5411. வங்கிச் செயலி இந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் 'உணவு' என்று வகை பிரிக்கிறது. கேக் கடை, கேண்டீன், மண்டபத்தோடு கூடிய உணவகம் எல்லாம் இதில் அடங்கிவிடலாம். உறவினர் திருமணத்துக்கு மண்டப முன்பணம் கட்டியதுகூட உணவகச் செலவாகத் தெரியலாம்.

கியூஆர், மின் பணப்பை, உணவு விநியோகம்

இப்போது ஒட்டுக்கடையில்கூட டூயிட்நவ் கியூஆர் ஒட்டியிருக்கிறது. அட்டை இயந்திரத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிறு வியாபாரிகள் பலர் தங்கள் சொந்தக் கணக்கையோ, மனைவி அல்லது மகனின் கணக்கையோ இணைத்திருப்பார்கள். நாசி லெமாக் வாங்கியதற்குக் கணக்கில் ஒரு தனி மனிதரின் பெயர் வரும். அது யாரென்று தெரியாமல் திகைப்பது இயல்பு. பணம் அனுப்புவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரை ஒருமுறை வாசிக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. வேறு யாரோ தங்கள் கியூஆரைக் கடையின் கியூஆர் மேல் ஒட்டிவைத்து ஏமாற்றினாலும் அப்போதே தெரிந்துவிடும்.

டச் அண்ட் கோ போன்ற மின் பணப்பையில் பணம் ஏற்றிச் செலுத்தினால், வங்கிக் கணக்கில் அந்தப் பணப்பையின் பெயர் மட்டுமே இருக்கும். எந்தக் கடைக்குப் போனது என்பதைப் பணப்பைச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

கிராப், ஃபுட்பண்டா வழியாக வாங்கிய உணவுக்கும் அப்படியே. சமைத்த கடையின் பெயர் வராது. சில வேளைகளில் செயலியின் பெயருக்குப் பதிலாக அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் வரும். ஃபுட்பண்டாவின் தாய் நிறுவனம் ஜெர்மனியைச் சேர்ந்த டெலிவரி ஹீரோ என்பது தெரியாதவருக்கு அந்தப் பெயர் அந்நியமாகத்தான் தோன்றும். அதோடு, கிராப் அன்லிமிடெட், பண்டாபுரோ போன்ற மாதச் சந்தாக்கள் உண்டு. ஒருமுறை சேர்ந்துவிட்டால், ரத்து செய்யும் வரை தானாகப் பணம் பிடிக்கப்படும். மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே தேதியில் ஒரே சிறு தொகை போகிறது என்றால் முதலில் சந்தாவைச் சந்தேகிக்க வேண்டும்.

தேதி ஏன் தள்ளி வருகிறது

கணக்கறிக்கையில் இரண்டு தேதிகள் இருக்கலாம். ஒன்று, அட்டையைத் தட்டிய நாள். மற்றொன்று, வங்கி அதைக் கணக்கில் பதிந்த நாள். சில அறிக்கைகளில் இரண்டாவது மட்டுமே இருக்கும். சனிக்கிழமை இரவு சாப்பிட்டது திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை பதிவாகலாம். தீபாவளி, நோன்புப் பெருநாள் போன்ற நீண்ட விடுமுறைகளில் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே குறிப்பிட்ட தேதியில் எங்கே இருந்தோம் என்று மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய நான்கைந்து நாள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் இடைவெளி இன்னும் கூடும். ஹாட்யாயிலோ சென்னையிலோ சாப்பிட்ட தொகை, ஊர் திரும்பிய பிறகு ரிங்கிட்டாக மாறிக் கணக்கில் ஏறலாம். நாணய மாற்றுக் கட்டணமும் சேர்வதால், ரசீதில் உள்ள தொகையோடு அது அப்படியே பொருந்தாது.

தொகை ஏன் பொருந்தவில்லை

நினைவில் இருப்பது 50 வெள்ளிச் சாப்பாடு, கணக்கில் இருப்பதோ 58 வெள்ளி என்றால், அங்கே வரியும் சேவைக் கட்டணமும் இருக்கலாம். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு இந்த வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே இருக்கிறது. 50 வெள்ளிக்கு அது 3 வெள்ளி. இதற்கு மேல் சில உணவகங்கள் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வாங்குகின்றன. அது அரசாங்க வரி கிடையாது, உணவகமே வைக்கும் கட்டணம். 50 வெள்ளிக்கு அது 5 வெள்ளி. இரண்டும் ரசீதில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

காசுக் கணக்கிலும் சிறு வேறுபாடு வரும். 2008 ஏப்ரல் முதல், ரொக்கமாகச் செலுத்தும் தொகை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. அட்டையில் செலுத்தினால் 47 வெள்ளி 83 காசு என்று அப்படியே பிடிக்கப்படலாம்.

ஒரே தொகை இரண்டு முறை வந்திருந்தால், கடையில் நடந்ததை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். "லைன் இல்லை, மறுபடி தட்டுங்கள்" என்று பணியாளர் சொன்னாரா? முதல் முயற்சி தோல்வி என்று இயந்திரம் காட்டினாலும், வங்கி அந்தத் தொகையை நிறுத்தி வைத்திருக்கலாம். அப்படி நிறுத்தி வைத்தது 'நிலுவையில்' என்று தெரியும், சில வேலை நாள்களில் தானாகத் திரும்பிவிடும். பெட்ரோல் நிலையப் பம்பில் அட்டையைத் தட்டும்போது 200 வெள்ளி நிறுத்தி வைக்கப்பட்டு, நிரப்பிய எண்ணெய்க்கு மட்டும் பின்னர் பிடிக்கப்படுவதும் இதே முறைதான். ஆனால் இரண்டு வரிகளும் முழுமையாகப் பதிவாகிவிட்டால், அது இரட்டைப் பிடித்தம். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வீட்டில் கேட்கும் முறை

தோட்டத்து வீடுகளிலும் குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் ஒரு வங்கி அட்டையைப் பலர் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. வயதான பெற்றோரின் அட்டையை மகன் எடுத்துப்போய்ப் பணம் எடுத்து வருவார். பேரப்பிள்ளை உணவுச் செயலியில் தாத்தாவின் அட்டை எண்ணைப் பதிந்து வைத்திருப்பார். இதில் தவறான எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் தெரியாத வரி வந்ததும் முதலில் வெடிப்பது இந்த இடத்தில்தான்.

"நீ எடுத்தாயா?" என்று கேட்டால் பிள்ளை பயந்துபோய் மறைக்கப் பார்க்கும். "இந்தக் கிழமை யாராவது இந்த அட்டையில் சாப்பாடு வாங்கினீர்களா, கைப்பேசியில் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று எல்லாரையும் பொதுவாகக் கேட்பது நல்லது. வெளியூரில் படிக்கும் அல்லது வேலை செய்யும் பிள்ளைகளையும் தொலைபேசியில் கேட்க வேண்டும். செயலிகளில் யார் யாருடைய அட்டை பதிவாகியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் இதை மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது.

உணவகத்தில் கேட்பது

பெயர் எந்தக் கடை என்று ஊகிக்க முடிந்தால், அங்கேயே கேட்கலாம். தேதி, தொகை, அட்டையின் கடைசி நான்கு எண்கள் ஆகிய மூன்றும் போதும். முழு அட்டை எண்ணையோ, பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணையோ யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

இரட்டைப் பிடித்தம் அன்றைக்கே தெரிந்தால், கடைக்காரர் இயந்திரத்தில் அன்றைய கணக்கை முடிப்பதற்குள் அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்துவிட முடியும். கணக்கு முடிந்த பிறகு என்றால் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். எதுவானாலும் எழுத்து வடிவில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "பிறகு பார்த்துக் கொடுக்கிறோம்" என்ற வாய்ச்சொல் பின்னால் உதவாது.

கடை எது என்றே தெரியாவிட்டால், எஸ்எஸ்எம்மின் இணையத் தேடலில் அப்படியொரு பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் வங்கியையே கேட்கலாம். பரிவர்த்தனை நடந்த நேரம் எது, அட்டை நேரில் பயன்பட்டதா இணையத்திலா, தட்டினார்களா பின் எண் போட்டார்களா என்ற விவரங்கள் வங்கியிடம் இருக்கும்.

நம்முடையது இல்லை என்று உறுதியானால்

இதற்குப் பிறகு காத்திருக்கக் கூடாது. அடுத்த மாத அறிக்கை வரட்டும் என்றோ, பட்டணத்துக்குப் போகும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்றோ விடுவது ஆபத்து. திருட்டு அட்டை எண் வேலை செய்கிறதா என்று பார்க்க மோசடிக்காரர்கள் முதலில் சிறு தொகையைப் பிடித்துப் பார்ப்பது உலகெங்கும் தெரிந்த தந்திரம். 9 வெள்ளி போய்விட்டது என்று அலட்சியமாக இருந்தால், அடுத்த முறை 900 வெள்ளி போகலாம்.

முதல் வேலை, அட்டையை முடக்குவது. பல வங்கிகளின் செயலியிலேயே அதற்கான வசதி உண்டு. இல்லையென்றால் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டும். வங்கிக் கிளை வெகு தொலைவில் இருந்தாலும் இதற்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

தமிழில் பேசும் பணியாளர் கிடைக்காவிட்டாலும் தயங்க வேண்டாம். மலாயில் இரண்டு வாக்கியம் போதும். "சாயா தீடாக் புவாட் திரான்சாக்சி இனி" என்றால் இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை என்று பொருள். "தோலோங் செகாட் காட் சாயா" என்றால் என் அட்டையை முடக்குங்கள் என்று பொருள். பேசி முடிக்கும் முன் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்துவைப்பது பின்னால் உதவும்.

இரண்டாவது, எழுத்து மூலப் புகார். மறுக்கப்படும் பரிவர்த்தனைக்கென்று வங்கியில் ஒரு பாரம் இருக்கும். அதைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கெடு ஒவ்வொரு வங்கியின் விதிமுறையிலும் உண்டு. தொலைபேசியில் அழைக்கும்போதே அந்தக் கெடுவைக் கேட்டுவிட வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு கட்டமைப்பில் பணத்தைக் கடையின் வங்கியிடமிருந்து திரும்பக் கோரும் நடைமுறை இருக்கிறது. அதற்கும் காலவரம்பு உண்டு.

மூன்றாவது, போலீஸ் புகார். எந்தக் காவல் நிலையத்திலும் செய்யலாம். கணக்கறிக்கையின் நகல், அடையாள அட்டை, வங்கி கொடுத்த புகார் எண் மூன்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். எழுதப்பட்ட புகாரைக் கையெழுத்திடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

யாரோ ஒருவர் தொலைபேசியில் பேசியோ, இணைப்பு அனுப்பியோ ஏமாற்றிப் பணம் கைமாறியிருந்தால், வங்கியோடு 997 என்ற எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். அது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை அதில் சேர்ந்து செயல்படுகின்றன. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுப்பதே அதன் வேலை. அதனால்தான் அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பின் எண்ணைச் சொன்னால் என்ன ஆகும்

பலரும் அறியாத பகுதி இது. கடன் பற்று அட்டை தொலைந்தோ திருடுபோயோ யாராவது பயன்படுத்திவிட்டால், உரிமையாளர் தாங்க வேண்டிய இழப்பு 250 வெள்ளியைத் தாண்டக் கூடாது என்பது பேங்க் நெகாராவின் விதி. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. உரிமையாளர் மோசடியில் பங்கு பெற்றிருக்கக் கூடாது, தொலைந்ததைத் தாமதமின்றி வங்கிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

டெபிட் அட்டையில் பின் எண் போட்டு நடந்த பரிவர்த்தனைக்கு, உரிமையாளர் தாமாகவே பின் எண்ணை மற்றொருவரிடம் சொல்லியிருந்தாலோ, அட்டையிலோ அதன் பக்கத்திலோ எழுதி வைத்திருந்தாலோ, இழப்பு அவர் தலையில் விழலாம். ஆறு இலக்க எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டை உறைக்குள் செருகி வைக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. கடையில் "நம்பர் சொல்லுங்கள், நான் அழுத்துகிறேன்" என்று உதவும் கைகளும் உண்டு. உதவி நல்லெண்ணத்தில் நடந்தாலும், பின்னால் புகார் செய்யும்போது அதுவே எதிராக நிற்கும்.

பெற்றோரால் சொந்தமாகக் கணக்கைக் கையாள முடியவில்லை என்றால், முழுச் சம்பளமும் சேமிப்பும் உள்ள கணக்கின் அட்டையைப் பிள்ளையிடம் கொடுப்பதைவிட, வீட்டுச் செலவுக்கு மட்டும் பணம் மாற்றி வைக்கும் தனிக் கணக்கு ஒன்றைத் திறப்பது பாதுகாப்பு. தவறு நடந்தாலும் அந்தச் சிறு தொகையோடு நின்றுவிடும்.

வங்கி மறுத்தால்

வங்கியின் முதல் பதில்தான் இறுதி என்று நினைக்க வேண்டாம். வங்கியிடமிருந்து இறுதி முடிவை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், நிதிச் சந்தைக் குறைதீர் சேவையான எஃப்எம்ஓஎஸ்ஸை ஆறு மாதத்துக்குள் நாடலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று அறியப்பட்ட அமைப்பும், முதலீட்டுத் தகராறுகளைக் கவனித்த மற்றோர் அமைப்பும் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. தனி மனிதர்களுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால், பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம்.

சிக்கல் வங்கியோடு இல்லாமல் உணவகத்தோடு என்றால் வழி வேறு. இரண்டு முறை பிடித்த பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் கடை மீது, உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அங்கும் வழக்கறிஞர் இல்லாமலே சொந்தமாகப் பேசலாம். ரசீது, கணக்கறிக்கை, கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சான்றுதான்.

போலிக் குறுஞ்செய்தியும் வரும்

"உணவகம் ஒன்றில் உங்கள் அட்டையில் 988 வெள்ளி பிடிக்கப்பட்டது. நீங்கள் செய்யவில்லை என்றால் இந்த எண்ணை அழையுங்கள்" என்ற வகையில் வரும் செய்தி கவனத்துக்குரியது. பணம் போயிருக்கவே போயிருக்காது. பதறி அழைப்பவரிடமிருந்து அட்டை விவரங்களைக் கறப்பதே நோக்கம். அந்தச் செய்தியில் உள்ள எண்ணையும் இணைப்பையும் தொடக் கூடாது. சொந்தச் செயலியைத் திறந்து அப்படியொரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது அட்டையின் பின்புற எண்ணை அழைக்க வேண்டும். கணக்கில் வரி இல்லையென்றால் செய்தியை அழித்துவிடலாம்.

இன்றே செய்யக்கூடியவை

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கைப்பேசியில் அறிவிப்பு வரும்படி செயலியில் அமைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் தெரிவதைவிட அந்த நொடியே தெரிவது மேல். பின் எண் இல்லாமல் தட்டிச் செலுத்தும் வசதியில் ஒரு முறைக்கு 250 வெள்ளி வரை போகலாம். அவ்வளவு தேவையில்லை என்றால் அதைக் குறைக்கவோ நிறுத்தவோ வங்கியிடம் கேட்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைப் பயணத்துக்காகத் திறந்திருந்தால், திரும்பி வந்ததும் மூடிவிட வேண்டும். பயன்படுத்தாத செயலிகளில் பதிந்துவைத்த அட்டையை நீக்கிவிட வேண்டும்.

ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னிலோ உறையிலோ இரண்டு மாதம் வரை போட்டு வைத்தால் போதும். சம்பளம் ஏறும் நாளில், தொழிலாளர் சட்டப்படி அது அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும், அந்தக் கிழமையே கணக்கறிக்கையை ஒருமுறை மேலிருந்து கீழே வாசிக்கலாம். மலாயோ ஆங்கிலமோ வாசிக்கத் தடுமாறும் பெரியவர்களோடு படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. அப்படி உட்காரும் வீட்டில், தெரியாத பெயர் வந்தாலும் அது சண்டையாக மாறாமல் ஒரு கேள்வியாக நிற்கும். கடைக்காரரின் 555 புத்தகத்தைச் சம்பள நாளில் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்ட தலைமுறைக்கு இது தெரிந்த வேலைதான்.